பத்துப் பாகம்

மொழிபெயர்க்கிறவனுக்குக் காப்பி எப்போதும் ஆறித்தான் கிடைக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குடிக்கிறார்; மற்றவர் பேசும்போது இவர் குடிக்கிறார். இரண்டு பேர் பேச்சையும் நான் ஒருவனே பேசவேண்டியிருப்பதால் என் டம்ளரில் ஆடை படர்ந்துவிடும். ஏழு வருஷமாக ஆறின காப்பி குடித்தவன் நான். சுகம் கண்டு இந்த வேலையைச் செய்யவில்லை என்பதை வாக்குமூலத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

பெயர் இன்பமணி. சொந்த ஊர் சாயர்புரம். பி.ஏ. தூத்துக்குடியில் கடலோர மக்கள் மேம்பாட்டு மன்றத்தின் செயலாளர். தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி. அவருக்கு உப்பளம் இருந்தது, பெருந்தன்மை இருந்தது, மாலைக்கு வாகான கழுத்து இருந்தது. இங்கிலீஷ் மட்டும் இல்லை. அதற்காகத்தான் நான். அண்ணாச்சி முக்கால் மணி நேரம் பேசுவதை வெள்ளைக்காரர்களுக்கு மூன்று நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். வெள்ளைக்காரர்கள் ஒரு வரி சொன்னால் சனங்களுக்கு அதை ஐந்து வரியாக்கிக் கொடுப்பேன். இரண்டு தரப்பும் கைதட்டும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஒருவரைப் புண்படுத்தியதில்லை.

1975 ஜூலையில் ஹாலந்திலிருந்து யோப் வந்தார். இருபத்துநாலு வயது, ஆறடி நாலங்குலம், இரண்டு வருஷம் சம்பளமில்லாத சேவை. எங்கள் கடற்கரைப் பகுதியான திரேஸ்புரத்துச் சனங்கள் பெயரை வேதாகமத்து யோபு ஆக்கி 'யோபு தொரை' என்றார்கள். வேதாகமத்து யோபுக்கு வந்த கொப்புளமும் முதல் மாத வெயிலிலேயே இவருக்கு வந்துவிட்டதால் பெயர் நிலைத்துவிட்டது. இடுப்பில் லுங்கிச் சாரம் கட்டினார், கையால் சாப்பிட்டார், இரண்டையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். நல்ல பையன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அவர் கொண்டுவந்தது ஒரு காற்றுப் பம்பு. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு நிமிஷமோ ஒன்றேகால் நிமிஷமோ தடவி, கிடைத்த சங்கோடு ஏறி வருவார்கள். இனி பம்பு வள்ளத்தில் ஓடும். குளிக்கிறவர் ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடியில் நடந்து நடந்து சங்கு பொறுக்கலாம். யோப் தன் ஊர்க் குளிர்த் தண்ணீரில் இந்த வித்தையைப் படித்தவர். தண்ணீருக்குள் கெட்டிக்காரர், தண்ணீருக்கு மேலேதான் ஆகாது. முதல் நாள் கரையோரமாக வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். பம்பு ஓடியது, யோப் வாந்தி எடுத்தார், இரண்டும் ஒன்றாக நின்றன. அதற்குப் பிறகு அவர் வள்ளம் ஏறவில்லை. கரையில் இருந்து மாதிரிக் கக்கூஸ் ஒன்று கட்டினார். அது மாதிரியாகவே இருந்துவிட்டது.

கற்றுக்கொடுப்பதில் குறை வைக்கவில்லை. மன்றத்தின் சரக்குக் கிட்டங்கியில் குளியாட்கள் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து விளக்கினார். பத்து மீட்டருக்குக் கீழே போகக்கூடாது; பத்து மீட்டர்வரை காலை முழுக்க வேலை செய்யலாம், பயமில்லை. அதைத் தாண்டினால் உள்ளே போகிற காற்று ரத்தத்தில் கரைந்து கிடக்கும். ஏறி வரும்போது குமிழியாகப் பொங்கும். கால் விழுந்துவிடும், ஆளே போய்விடுவான். இதைக் காட்டுவதற்கு ஒரு கோலி சோடாவை உடைத்தார். பொங்கி அவர் சாரத்திலேயே வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்த கை ரோச். நாற்பது வயது, அகல நெஞ்சு. 'அப்ப வயித்துல கேஸ் கட்டும்ங்கானா சார்வாள்?' என்று அவன் கேட்டான். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். மறுநாளிலிருந்து வள்ளம் ஏறும்முன் பன்னிரண்டு பேரும் ஓமம் மென்றார்கள். என்ன மெல்லுகிறார்கள் என்று யோப் கேட்டதற்கு, பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது என்கிறார்கள் என்று சொன்னேன்.

இனி அந்த மீட்டர் விஷயம். 'மீட்டர்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மக்களிடம் போகிறவன் மக்கள் மொழியில் போகவேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவன் நான். கடலில் ஆழத்தைப் பாகம் என்றுதான் சொல்கிறார்கள். ஐந்து பாகம், ஏழு பாகம் என்று காதால் கேட்டிருக்கிறேன். எனவே யோப் பத்து மீட்டர் என்றபோது நான் பத்துப் பாகம் என்றேன். குளியாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்ம பாஷையிலேயே சொல்லுதாவளே என்று பூரித்துப்போனதாக எடுத்துக்கொண்டேன்.

ரோச் மட்டும் கூட்டம் முடிந்ததும் என் பின்னாலேயே வந்தான். 'ஏழு பாகத்துலயே காது கத்தும் சார்வாள். பத்துல காலை பூரா கெடக்கலாம்னா சொல்லுதான்? நல்லாக் கேட்டியளா?'

எனக்குச் சுருக்கென்றது. பி.ஏ. படித்த காதில் பத்து என்பது வேறு என்னவாக விழும் என்று திருப்பிக் கேட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான். அப்போது எனக்குப் பாகம் என்றால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. அந்த நாள்வரை நடந்தது பிழை. பிழை எவருக்கும் வரும். அதற்காக நான் இந்த வாக்குமூலம் தரவில்லை.

அக்டோபரில் திறப்பு விழா. ஊரெல்லாம் போர்டு வைக்கிற காலம் அது. நாங்களும் ஒன்று வைத்தோம். ஆறடி அகலம், நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே யோப் எழுதிக்கொடுத்த இங்கிலீஷ் வரி. அதன் கீழே பெரிதாக: 'பம்பு வைத்துக் குளிப்போர் கவனத்திற்கு. பத்துப் பாகம் வரை பயமில்லை. பத்துப் பாகத்திற்குக் கீழே இறங்காதீர்.' வலது மூலையில் சிறிதாக: தமிழாக்கம், சா. இன்பமணி, பி.ஏ. என் பெயரைச் சிறிதாகத்தான் போடச்சொன்னேன். பெயிண்டர் சாயர்புரத்துக்காரன், ஊர்ப் பாசத்தில் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டான்.

பேப்பர்காரர் போட்டோவுக்கு ஆள் கேட்டார். ரோச்சைப் போர்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பாகம் என்றால் என்ன என்று பேப்பர்காரர் என்னைக் கேட்க, நான் ரோச்சைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தான். 'இந்த விரல் நுனியில இருந்து இந்த விரல் நுனி. இம்புட்டுதான் பாகம்.' அவன் விரல்கள் போர்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டிருந்தன.

போர்டு ஆறடி. ஆறடி என்பது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்கில் நான் மோசமில்லை. பத்து மீட்டர் என்பது ஐந்தரைப் பாகம். போர்டில் பத்து என்று இருந்தது.

இதெல்லாம் ஓரிரு விநாடியில் தெரிந்துவிட்டது. பந்தலில் அண்ணாச்சிக்கு ஏழாவது மாலை விழுந்துகொண்டிருந்தது. ஹாலந்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என் கையைக் குலுக்கி, மக்கள் மொழியிலேயே பாதுகாப்பு விதி, இதை மற்ற நாடுகளுக்கும் எடுத்துச் சொல்வோம் என்றார். அதையும் நானேதான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். கைதட்டினார்கள்.

விழா முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு சொல்தானே, 'பத்து' என்பதை 'ஐந்து' ஆக்கக் கால் டப்பா பெயிண்ட் போதும். ஆனால் அமைதியாக யோசித்துப் பாருங்கள் ஐயா. ஒரு எண் தப்பென்றால் அந்தச் சனம் எல்லா எண்ணையும் சந்தேகப்படும். அம்மைப்பால் குத்துவது எத்தனை தடவை, வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணீர் எத்தனை கரண்டி, எல்லாமே என் வாயால் போனவை. ஏழு வருஷம் கட்டிய நம்பிக்கையை ஒரு சொல்லுக்காக இடிப்பதா? சமுதாயத்தைப் பெரிதாகப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன். மேலும், கடலில் பிறந்தவர்கள். பத்துப் பாகத்துக்குத் தாங்களாகவே போகமாட்டார்கள் என்று நினைத்தேன்.

போனார்கள். எழுதி வைத்திருக்கிறதே. பத்துப் பாக ஆழத்துப் பாரில், அந்தக் கடலடிப் பாறைத் தரையில், அதுவரை மூச்சடக்கிப் போனவர்கள் கை வைக்காத சங்கு, ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன், கிடந்தது. நவம்பரிலேயே நாலு மணி நேரம் அடியில் இருந்து பழகிவிட்டார்கள். தோள்பட்டை வலி, முழங்கை வலி, உடம்பில் எறும்பு ஊர்கிறது என்றார்கள். அதற்குப் 'பம்பு வலி' என்று பெயரும் வைத்தார்கள். யோப் சனிக்கிழமைதோறும் வந்து, மூட்டில் வலி யாருக்காவது உண்டா, அதை மட்டும் கேளுங்கள் என்பார். நான் அவர்களிடம், எல்லாரும் சுகந்தானா, தொரை விசாரிக்கிறார் என்பேன். மாதா புண்ணியத்துல சுகந்தான் என்பார்கள். யாருக்கும் வலி இல்லை என்று அவரிடம் சொல்வேன். கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அதுதான்.

ஜனவரி மூன்றாம் வாரம் ரோச் வள்ளத்திலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டு வைக்கக் கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. பக்கவாதம் என்றார் ஒருவர். பேய்க்காற்று அடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். யோப் வெளிறிப்போய் ஓடி வந்து, எவ்வளவு ஆழம் போனான் என்று மட்டும் கேட்டார். நான் ரோச்சைக் கேட்டேன். 'பத்து' என்றான் ரோச். பத்து என்கிறான் என்றேன். அந்த ஒரு பதிலை எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்திருக்கிறேன்.

பத்தில் இது வராது, வேறு நோய்தான் என்று யோப் சமாதானமாகிவிட்டார். சமாதானமாகாதவள் ரோச்சின் மனைவி மெட்டில்டா.

அவள் பிப்ரவரியில் கிட்டங்கிக்கு நேரே வந்தாள். யோப் மேஜையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ரோச்சின் தம்பி கிளாட்வினுக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் விழுந்த பிறகு வீட்டுக்கு அவன்தான். திங்கட்கிழமை பம்பு வள்ளத்தில் ஏறப் போகிறான். மெட்டில்டா உட்காரவில்லை.

'சார்வாள், நான் ஒரு வார்த்தை கேக்க வந்தேன். நீங்க எனக்குச் சொல்லாண்டாம், அவருகிட்டக் கேட்டு அவரு வாயால சொல்லட்டும். பத்துங்கது பத்துதானா? அவரு ஆமான்னாத்தான் கொழுந்தன விடுவேன். இல்லன்னா வள்ளத்துக்கு முன்னால படுத்துக்கிடுவேன்.'

யோப் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: கணவன் படுத்துவிட்டான், பிழைக்க வழியில்லை, மன்றம் ஒரு தையல் மிஷின் வாங்கித் தருமா என்று கேட்கிறாள்.

இது பொய்யா என்று யோசித்துப் பாருங்கள். கணவன் படுத்திருந்தது உண்மை. வழியில்லாதது உண்மை. தையல் மிஷின் அவளுக்குத் தேவையாகத்தான் இருந்தது. அவள் வாயில் வராத தேவையை நான் சொன்னேன். சேவை என்பதே அதுதான்.

மெட்டில்டா கெட்டிக்காரி. என் இங்கிலீஷ் நீளமாக இருக்கிறதே என்று பட்டிருக்கவேண்டும். இரண்டு கை விரலையும் விரித்து யோப் முகத்துக்கு நேரே நீட்டினாள். பத்து விரல்.

'பத்தா?' என்றார் யோப் இங்கிலீஷில்.

வீட்டில் சாப்பிடுகிற வாய் பத்து என்கிறாள் என்றேன். உண்மையில் நாலு.

யோப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, ஆமாம், ஆமாம், நிச்சயமாக என்று மூன்று முறை தலையாட்டினார். இப்படி ஒரு தலையாட்டலை நான் பார்த்ததில்லை. மெட்டில்டா கேட்டாள்: 'ஆமாங்காரா?'

'ஆமாங்கார்' என்றேன்.

அவள் குருசு போட்டுக்கொண்டு அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு எவ்வளவு கௌரவம் பார், நன்றிகூட எவ்வளவு அடக்கமாகச் சொல்கிறாள் என்று யோப் என்னிடம் சொன்னார். என் காப்பியை எடுத்துக் குடித்தேன். அன்றைக்கு மட்டும் அது சூடாக இருந்தது. பேச்சு அவ்வளவு சுருக்கமாக முடிந்திருந்தது.

பத்து நாளில் தையல் மிஷின் அவள் வீட்டுக்குப் போயிற்று. எதற்கு என்று கேட்டிருக்கிறாள். மன்றத்தின் அன்பளிப்பு என்று சொல்லச்சொன்னேன். அண்ணாச்சி போய் ரிப்பன் வெட்டினார்.

கிளாட்வின் இருபத்தோரு நாள் வேலை செய்தான். மார்ச் 11, வியாழக்கிழமை. பதினொன்றரைக்கு ஏறி வந்தவன் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான், பீடி கேட்டான். பீடியைப் பற்றவைத்துவிட்டு, 'ஏலே, வெயில ஏம்லே அணைச்சிட்டிய' என்றானாம். மற்றவர்கள் கேலி செய்கிறான் என்று சிரித்திருக்கிறார்கள். கரை சேர ஒன்றரை மணி நேரம். சேர்ந்தபோது உயிர் இல்லை.

ரோச்சை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். யோப் மணலில் உட்கார்ந்திருந்தார். ரோச் அவரைப் பார்த்தே பேசினான். ஆனால் பேச்சு என் வழியாகத்தான் போயாகவேண்டும். 'பத்துக்குக் கீழ ஒரு விரக்கடை எறங்கல தொர. ஈயக்கயிறு போட்டு ஆழம் பாத்துத்தான் எறங்கினான். நீங்க எழுதி வச்சபடிதான் செஞ்சான். பெறவு ஏன்?'

நான் யோப்பிடம் சொன்னேன்: தம்பி சங்கு ஆசையில் விதியை மீறிக் கீழே போய்விட்டான், மன்னிக்கவேண்டும் என்கிறான்.

யோப் சொன்னார்: தம்பி மேல் தப்பில்லை, நான் வள்ளத்தில் இருந்திருக்கவேண்டும், என் தப்பு என்று சொல்லுங்கள்.

நான் ரோச்சிடம் சொன்னேன்: தொரை ரொம்ப வருத்தப்படுகிறார்.

பம்பை நிறுத்திவிட்டார்கள். குளியாட்கள் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். யோப் மே மாதமே ஊருக்குப் போய்விட்டார். பயிற்சி போதும், ஆனால் மக்களிடம் ஆசை கட்டுப்படவில்லை என்று அறிக்கை எழுதினார். அதில் கிளாட்வின் பெயர் இருக்கிறது. அந்த அறிக்கையை நான் திருத்திக் கொடுத்தேன். இலக்கணம் மட்டும்.

மெட்டில்டா தையல் பழகினாள். இது நான் எதிர்பாராதது. மிஷினோடு ஒரு டேப்பும் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்து அல்போன்சா டீச்சர் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு, நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அதே டீச்சர் ஒரு நாள் அவளோடு கடற்கரைப் பக்கம் போனபோது போர்டின் மேல் வரியை வாசித்து, இதில் பத்து மீட்டர் என்றுதானே இருக்கிறது என்றிருக்கிறார். மெட்டில்டா வீட்டுக்குப் போய், படுத்திருந்த ரோச்சின் இரண்டு கையையும் விரித்துவைத்து அளந்தாளாம். நூற்றெண்பது.

என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. 'அன்னைக்கி நான் கேட்டதுக்குத்தான் அவரு தலையாட்டுனாரா சார்வாள்?' என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். பிறகு உங்களிடம் மனு கொடுத்தாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேள்வி யோப்பிடம் போகவே இல்லை. 1975 அக்டோபர் விழாவில் ரோச் கையை விரித்த நிமிஷத்திலிருந்து போர்டு தப்பு என்று எனக்குத் தெரியும். ரோச்சின் காலும் கிளாட்வினின் உயிரும் தெரிந்தே போனவை. யோப்புக்குத் தெரியாது, அண்ணாச்சிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எவரையும் நான் வெறுக்கவில்லை. கிளாட்வினுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே எங்கள் மன்றத்து முதியோர் கல்விதான். அந்தப் போர்டை அவன் தானாகவே வாசித்தான்.

இந்த வாக்குமூலத்தின் இங்கிலீஷ் பிரதி ஒன்றை ஹாலந்துக்கு அனுப்பவேண்டும் என்றீர்கள். அதற்கு வெளியாளைத் தேடவேண்டாம், நானே எழுதித் தருகிறேன். கடல் விஷயம் ஐயா, பழக்கமில்லாதவர்கள் கை வைத்தால் அர்த்தம் மாறிவிடும்.